ஐந்து ஓலையும் சரி

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆல்பம் நெட்டில் வந்தது. பத்தேகாலுக்கு என் கணவர் தினகரன் தன் போனை அணைத்து என் கையில் கொடுத்தார்.

"ஞாயித்துக்கெயம வரைக்கும் இத்த என் கண்ணுல காட்டாத, வளரு. எவன் இன்னா சொன்னாலும் எங்கிட்ட வந்து சொல்லாத."

சொல்லாதே என்றால் படிக்காதே என்று அர்த்தமில்லையே. தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அன்று பட்டா நகல் எடுக்க வந்தவர்களை எல்லாம் நிற்க வைத்துவிட்டு என் போனில் படித்துக்கொண்டிருந்தேன். நானூறு பேருக்கு மேல் எழுதியிருந்தார்கள். "பதினாலு வருஷம் காத்திருந்தது வீண் போகல" என்று ஒருத்தன். "தூக்கம் வருது" என்று ஒருத்தன். "கருங்குளவிக்கு வயசாயிடுச்சு, கொடுக்கு உதிர்ந்துடுச்சு" என்று ஒருத்தன். கடைசியில் ஒரு தடியன், "டிரம்ஸ் அடிக்கறது யாரு, தாத்தாவா?" என்று கேட்டு நாலு சிரிப்பு பொம்மை போட்டிருந்தான். அதற்கு எழுபது பேர் லைக்.

அந்தத் தடியன் எதிரில் இருந்திருந்தால் ஜெராக்ஸ் மெஷினைத் தூக்கி அவன் தலையில் போட்டிருப்பேன்.

கருங்குளவி என்பது காதைக் கிழிக்கும் மெட்டல் பாட்டு பேண்டு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அதை 'உங்க எரைச்சல்' என்றுதான் சொல்வேன். சென்னையில் ஆரம்பித்து இருபத்தேழு வருடமாகிறது. பாடுவது பாண்டுரங்கன், டிரம்ஸ் என் கணவர். நெல் விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்து இந்த மனுஷனுக்கு இது எப்படிப் பிடித்தது என்று அவர் அம்மாவே கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து அவருடைய வலது பக்கம் விழுந்துவிட்டது. கை திரும்பியது. கால் திரும்பவில்லை. தரையில் நிற்கும் பெரிய டிரம்மை வலது காலால் மிதித்துத்தான் அடிக்க வேண்டுமாம். "வேண்டாம்பா, அதை கம்ப்யூட்டர்ல போட்டுக்கலாம்" என்றார் பாண்டுரங்கன். அன்று சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தவர்தான், எட்டு மாதம் அப்படியே இருந்தார். சோறு ஊட்டினால் மெல்லுவார். பேசினால் பதில் வராது. ஒன்பதாவது மாதம் ஒருநாள் இடது காலால் கட்டில் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் ஒன்றரை வருடம் அந்த இடது காலுக்கு மிதிக்கக் கற்றுக்கொடுத்தார். என் கட்டில் உடைந்ததுதான் மிச்சம்.

இப்போது அந்தக் காலால் அடித்த ஆல்பம் வந்துவிட்டது. அடுத்த மாதம் சென்னையில் மேடை. மேடையில் கால் தடுமாறினால் சரிக்கட்ட கம்ப்யூட்டர் கிடையாது. தினகரன் உட்காருவதா, வேறு ஒரு சின்னப் பையனைப் பிடிப்பதா என்று பாண்டுரங்கன் கேட்டதற்கு இவர் ஒரே பதில்தான் சொன்னார். "கொடவோல சொல்லட்டும்."

எங்கள் ஊர்க் கோயில் சுவரில் சோழர் காலத்துத் தேர்தல் விதிகளை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுப்பார்களாம். அதைப் பார்த்து எங்கள் ஊர் மெட்டல் கிறுக்கர்கள் ஐந்து பேரும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கருங்குளவியின் ஒவ்வொரு ஆல்பத்தையும் சேர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள். பிறகு ஆளுக்கு ஒரு பனையோலை நறுக்கு. பிடித்தால் 'சரி', பிடிக்காவிட்டால் 'இல்ல'. யார் என்ன எழுதினார் என்பது ரகசியம். சொந்தக்காரர்கள் ஓலை போடக் கூடாது. பாட்டு தெரியாத ஒரு ஆள் குடத்தில் கைவிட்டு எடுத்துப் படிக்க வேண்டும். உத்திரமேரூரிலேயே பாட்டு தெரியாத ஆள் என்று அவர்கள் தேர்ந்தெடுத்தது என்னைத்தான்.

அந்தக் குடத்துக்கு இவர் ஜாதகத்தையே எழுதிக்கொடுத்துவிட்டார். அதில் 'இல்ல' அதிகம் விழுந்தால் திரும்பவும் சுவர்தான். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. ஐந்து பேரிடமும் 'சரி' எழுதச் சொல்லிக் கேட்பதற்காக, சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

தானியேல் சவுண்டு சர்வீஸ் நடத்துகிறவர். ரெக்கார்டிங்கே அவருடைய குடோனில்தான் நடந்தது. "அண்ணி, நீங்க சொல்லவே வேணாம், நான் சரிதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரைஸ்மில் தாண்டவராயன் தலையை மட்டும் ஆட்டினார். நெல் அறுப்பு மெஷின் ஓட்டும் ஜெகன், "இதுக்கா வெயில்ல வந்தீங்க?" என்றான். ரத்தப் பரிசோதனை லேபில் இருக்கும் பூஜா மட்டும் கொஞ்சம் இழுத்தாள். "அக்கா, அண்ணனுக்குத் தெரிஞ்சா?" என்றாள். "நீ சொல்லாத வரைக்கும் தெரியாது" என்றேன்.

தேசிகன்தான் கஷ்டம். கோயில் ஆபீஸில் எழுத்தர். காலையில் பெருமாள் சேவை, சாயங்காலம் கருங்குளவி. என் கணவருடன் ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். இதுவரை வந்த ஐந்து ஆல்பத்துக்கும் தலா ஒரு 'இல்ல' விழுந்தது. அது யாருடையது என்று ஊருக்கே தெரியும்.

"பொய் ஓலை போடச் சொல்றேளா?" என்றார்.

"ஆமா சாமி. பொய்தான். எட்டு மாசம் செவுத்தப் பாத்துக்கினு குந்தினு இருந்தாரே, அப்ப யாரு சோறு ஊட்னது? நானு. மறுபடியும் அப்டி ஆச்சின்னா நீங்க வந்து ஊட்டுவீங்களா?"

அவர் கையிலிருந்த பேனாவை மூடி, திறந்து, மறுபடியும் மூடினார்.

"சரி. வாக்கு குடுத்துட்டேன், போங்கோ."

வீட்டுக்கு வரும்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று அப்போது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் குடோன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்கள். மூலையில் இவருடைய டிரம்ஸ். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகள். இவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டி, ஸ்பீக்கரைப் பார்த்து உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்து யாரும் இரக்கப்பட்டுவிடக் கூடாதாம்.

ஒன்பது பாட்டு. ஐம்பத்திரண்டு நிமிடம். நான் பாட்டைக் கேட்கவில்லை, அவர் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பாட்டில் கழுத்து நரம்பு புடைத்தது. தேசிகன் அந்த இடத்தில் கண்ணை மூடி உதட்டைக் கடித்தார். பூஜா என்னைப் பார்த்தாள், நான் முறைத்தேன். ஒன்பதாவது பாட்டு முடிந்தபோது யாரும் கை தட்டவில்லை. தட்டக் கூடாது என்பது விதி.

ஓலை நறுக்கித் தருவது எப்போதும் தேசிகன் வேலை. ஆளுக்கு ஒன்று கொடுத்தார். ஒருவர் பின் ஒருவராக முதுகைத் திருப்பி எழுதி, மடித்து, குடத்தில் போட்டார்கள். நான் கைவிட்டேன். முதல் ஓலையை எடுத்துப் பிரித்தேன்.

"சரி," என்று படித்தேன்.

"சரி."

"சரி."

நான்காவது ஓலையைப் படித்தபோது என் குரல் எனக்கே சந்தோஷமாகக் கேட்டது. ஐந்தாவதும் சரி. தானியேல் முதலில் கை தட்டினார். ஜெகன் விசில் அடித்தான். நான் போய் அவர் தோளைத் தொட்டேன். தோள் மரக்கட்டையாக இருந்தது.

"ஓலையக் குடு," என்றார்.

ஐந்தையும் வாங்கித் தொடைமேல் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். பிறகு நாற்காலியோடு திரும்பி தேசிகனைப் பார்த்தார்.

"அஞ்சுமா?"

"யார் என்ன போட்டானு கேக்கப்படாது, தினகரா. விதி."

"இருவத்தேயு வருசமா எனக்குத் தெரியும்டா. எனக்கு ரெண்டு காலும் நல்லா இருந்தப்ப நீ 'இல்ல'ன்னு போட்ட. பேப்பர்காரன்லாம் தலைல தூக்கி வச்சிக்கினு ஆடனப்ப நீ 'இல்ல'ன்னு போட்ட. இன்னிக்கி ஒரு கால இஸ்துக்கினு வந்து அடிக்கிறேன், இன்னிக்கி நான் சரியாயிட்டனா?"

ஷட்டருக்கு வெளியே செங்கல்பட்டு பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"புரிஞ்சி போச்சி," என்றார். குரல் இறங்கிவிட்டது. "செத்தவன் வூட்டுக்கு வந்தா யாரும் கொற சொல்ல மாட்டாங்க. தானியேலு, பாண்டுவுக்கு போன் போடு. வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு."

சொல்லிவிட்டு நாற்காலியை மறுபடியும் ஸ்பீக்கர் பக்கம் திருப்பினார். ஸ்பீக்கருக்குப் பின்னால் சுவர். அவர் பார்த்தது சுவரைத்தான் என்று எனக்குத் தெரிந்தது. எட்டு மாதத்தையும் அந்த ஒரு நிமிடத்தில் மறுபடியும் பார்த்தேன். இந்த முறை அவரை அங்கே உட்கார வைத்தது நான்.

"நான்தாங்க," என்றேன். "நேத்து ஒவ்வொருத்தர் வூடா போனேன். எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிக்கினு வந்தேன். இவங்க மேல தப்பு இல்ல."

அவர் திரும்பவில்லை. தானியேல் போனைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்குப் போடுவது என்று தெரியாமல் நின்றார். அப்போது தேசிகன் எழுந்து சட்டைப் பையிலிருந்து ஒரு நறுக்கை எடுத்தார்.

"ஓலை நறுக்கறவன் நான். ஒண்ணு கூட நறுக்கினேன். வாக்கு குடுத்ததுக்காக அதுல 'சரி'ன்னு எழுதிப் போட்டேன். என் நிஜ ஓலை இது." அதை என் கணவர் மடியில் வைத்தார். 'இல்ல' என்றிருந்தது.

"மூணாவது பாட்டு குப்பை, தினகரா. இருபத்தஞ்சு வயசு தினகரன் மாதிரி ஓடப் பார்த்திருக்கே. இடது கால் பின்னாடியே தடுக்கித் தடுக்கி ஓடி வர்றது. நாலும் அஞ்சும் அதே கதை. ஒன்பதாவதுல மட்டும் ஓடலை. உன் கால் என்ன வேகம் சொல்லித்தோ அந்த வேகத்துல அடிச்சிருக்கே. அவ்வளவு கனமா நீ என்னைக்கும் அடிச்சதில்லை. எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. ஆனா ஒன்பதுல ஒண்ணு மட்டும் தேறினதுக்காக நான் சரி போட மாட்டேன். போடவே மாட்டேன்."

நான் தேசிகன் சட்டையைப் பிடிக்கப் போனேன். அதற்குள் நாற்காலி கீழே விழுந்தது.

"மூணாவது குப்பையா?" என் கணவர் எழுந்து நின்றிருந்தார். முகம் ரத்தச் சிவப்பு. "மூணாவது இன்னாடா கொறச்சல்? கோயில்ல உண்டக்கட்டி துன்னுட்டு வந்து எனக்குத் தாளம் சொல்லித் தர்றியா நீ?"

"தடுக்கறது."

"எங்க தடுக்குது?"

"ரெண்டாவது சரணம் முழுக்க."

"அது நான் வேணும்னே அடிச்சதுடா!"

"பொய்."

"ஆமா, பொய்தான்! இன்னாங்கற இப்ப?"

மூன்று வருடமாக அவர் இவ்வளவு சத்தமாகக் கத்தி நான் கேட்டதில்லை. பெருமாளே, இன்னும் கத்தட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன். ஆனால் அடுத்த கோபம் என் பக்கம் திரும்பியது.

"கொடத்தக் கவுத்து. மொதல்லேருந்து ஓல போடுங்க. இவ வெளில போவட்டும். இனிமே இவ கொடத்தத் தொடக் கூடாது. கல்வெட்டுல இன்னாடா போட்டுகீது, தப்பு பண்ணவங்கள எடுத்துக்கலாம்னா? பூஜா, உன் ஓலையப் போட்டுட்டு நீயே எடுத்துப் படி."

ஷட்டருக்கு வெளியே வந்து வெயிலில் நின்றேன். மனுஷனைக் காப்பாற்றப் போய் மானம் போனது. போகட்டும். ஆனால் உள்ளே இப்போது எழுதுகிறவர்கள் யாருக்கும் என் சத்தியம் கிடையாது. மூன்று 'இல்ல' விழுந்தால் அவர் சொன்ன சொல்லை மாற்றிக்கொள்கிற ஆளும் கிடையாது. ஷட்டர் இடுக்கில் காதை வைத்தேன்.

பூஜா முதல் ஓலையைப் படித்தாள். "இல்ல."

தேசிகன் என்று நினைத்துக்கொண்டேன்.

"சரி." இது தானியேல்.

"இல்ல."

யார் அது? ஜெகனா? அறுப்பு முடியட்டும், அவனை வைத்துக்கொள்கிறேன்.

"சரி."

பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஓலை ஒட்டிக்கொண்டிருக்கிறது போல, பிரிக்கிறாள் போல. நான் ஷட்டர் தகரத்தைப் பிடித்திருந்தேன். வெயிலில் கொதித்த தகரம், கை சுட்டது. விடவில்லை.

"சரி," என்றாள் பூஜா. அப்புறம் அழுதாள்.

இந்த முறை யாரும் விசில் அடிக்கவில்லை. நான் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். என் கணவர் ஓலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். 'சரி' மூன்றையும் குடத்திலேயே திரும்பப் போட்டார். 'இல்ல' இரண்டையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பாண்டுவுக்குச் சொல்லு," என்றார் தானியேலிடம். "நான்தான் குந்துவேன். மூணாவத மட்டும் மாத்தணும்னு சொல்லு."

வீட்டுக்குப் போகும்போது ஸ்கூட்டியை நான்தான் ஓட்டினேன். ஏரிக்கரை திரும்பியதும் பின்னால் வண்டி லேசாக ஆடியது. அவருடைய இடது கால் படியில் தட்டிக்கொண்டிருந்தது.

"வண்டி சாயுது, சும்மா குந்துங்க," என்றேன்.

அவர் கேட்கவில்லை. ஒன்றரை வருடம் என் கட்டிலை உடைத்த தாளம், எனக்குத் தெரியாதா? மூன்றாவது பாட்டுதான். மெதுவாகத் தட்டினார். தடுக்கவில்லை. நான் வேகத்தைக் குறைத்து, அந்தக் காலுக்குத் தகுந்த மாதிரி ஓட்டினேன்.