நடுத்துறைமுகத்தில் நின்ற ‘தன்னம்பிக்கை’

தன் புதுப் படகுக்குத் ‘தன்னம்பிக்கை’ என்று பெயர் எழுதியது சீலாவின் பிடிவாதம். திருகோணமலைப் படகுத்துறையில் மற்றவை எல்லாம் புனிதர்களின் பெயரிலோ மகள்மாரின் பெயரிலோ ஓடின.

“அந்தோனியார் எண்டு வைச்சிருந்தா ஆபத்துக்குக் கூப்பிடலாம் தங்கச்சி. இதை எப்பிடிக் கூப்பிடுறது?” என்று சிரித்தான் அஞ்சலோ. இரண்டு சுற்றுலாப் படகுகளுக்குச் சொந்தக்காரன்.

சீலா இருக்கைகளைத் துடைத்தாள். ஆட்களை ஏற்றி ஓடும் அவளுடைய முதல் ஓட்டம் இது. நல்லபடி முடிந்தால் சீசன் முழுவதும் விடுதி விருந்தினர்கள் அவளுக்கு, இல்லாவிட்டால் அஞ்சலோவுக்கு என்று விடுதி முகாமையாளர் சோமசேகரம் சொல்லிவிட்டார்.

வவுனியாவிலிருந்து வந்த கீர்த்தனியும் கணவனும் ஏறினார்கள். துறைமுகத்தின் நடுவில் இன்ஜின் இருமியது, நின்றது. சீலா இன்ஜின் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தாள். பலனில்லை. படகு மெல்ல, நங்கூரமிட்டிருந்த சரக்குக் கப்பல் பக்கம் ஒதுங்கியது.

“படம் எடுக்கவோ நிப்பாட்டினீங்கள்?” என்றாள் கீர்த்தனி.

‘ஓம், படத்துக்குத்தான்’ என்ற பொய் சீலாவின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

“இல்லை. இன்ஜின் நிண்டு போச்சு. ஏனெண்டு எனக்கு இன்னும் தெரியேல்லை. பார்க்கிறன்.” எழுந்து, தூரத்தில் தன் படகில் போன அஞ்சலோவை நோக்கிக் கைகளை ஆட்டினாள். “அண்ணை! கயிறு எறியுங்கோ!”

கிட்ட வந்தவன் கேட்டான்: “உன்ரை தன்னம்பிக்கை எங்கை போச்சு?”

“இருக்கிறபடியால்தான் கூப்பிடுறன். இல்லாட்டி வெக்கத்திலை கப்பலிலை முட்டியிருப்பன். எறியுங்கோ!”

அவன் படகைப் பிடித்துக்கொள்ள, அவள் குனிந்து ஒவ்வொன்றாகத் தடவினாள். பெற்றோல் தாங்கி மூடியின் காற்றுத் திருகு இறுகிக் கிடந்தது. முதல்நாள் தேவாலயத்துப் பாதர் படகை ஆசீர்வதித்தபோது, தீர்த்தம் பெற்றோலுக்குள் போய்விடுமென்று அவளே மூடியது! காற்று உள்ளே போகாமல் பெற்றோல் எவ்வளவு நேரம்தான் வரும்?

“ஆசீர்வாதத்தையே அடைச்சுப்போட்டியே!” என்றான் அஞ்சலோ. திருகைத் திறந்ததும் இன்ஜின் உறுமியது.

கரையில் சோமசேகரம் முகம் சுளித்து நின்றார். “நடுவிலை என்ன நடந்தது?”

“திருகைத் திறக்க மறந்திட்டன் ஐயா. என்ரை பிழை.”

அவர் கீர்த்தனியிடம் திரும்பினார். “பயந்திட்டீங்களோ?”

“முதல் பயந்தனான். தனக்குத் தெரியாது எண்டு அவ சொன்னாப் பிறகு பயம் போயிட்டுது. நாளைக்கு மாமியையும் ஏத்தப்போறன்.”

சோமசேகரம் தாடையைத் தடவினார்.

“பின்னேரம் ஒரு குடும்பம் இருக்கு, பிள்ளை. ஏலுமோ?”

“ஏலும் ஐயா. முதல் ஒருக்கால் வெறும் படகை ஓட்டிப் பார்த்திட்டுத்தான் ஏத்துவன்.”

“சரி, பார்த்திட்டுச் சொல்லுங்கோ. அனுப்பிவிடுறன்.”