கீழ்க்கால் நீண்ட சிலுவை

1

இந்தக் கதை ஒரு துணிப்பட்டையிலிருந்து வந்தது. பாளையங்கோட்டையில் தெரிந்தவர் வீட்டு அலமாரியில் அதைப் பார்த்தேன். போர்க்கள மருத்துவப் படையினர் இடது கையில் கட்டும் வெள்ளைப் பட்டை. நடுவே சிவப்புச் சிலுவை. யாருடையது என்று வீட்டுக்காரருக்கே தெரியவில்லை. சிலுவையின் கீழ்க்காலை மட்டும் யாரோ ஒட்டுத்துணி வைத்துத் தைத்து நீட்டியிருந்தார்கள். ஓரத்தில் ஊக்கு குத்திய துளை. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

1916. தாமிரபரணியில் வெள்ளம் கரைபுரண்டு…

வேண்டாம். திருநெல்வேலிக் கதை என்றால் ஆறு வந்து தலையைக் காட்டியே தீர வேண்டுமா? நேராக வீட்டுக்குள் போவோம்.

கொக்கிரகுளம், நேசையா வீடு. நேசையா படையில் காயத்துக்குக் கட்டுப் போடுபவர். உடன் வந்திருக்கும் முக்கூடல்காரன் கருத்தையா, அடிபட்டவர்களை டோலியில் தூக்குபவன். மெசபடோமியாவுக்குக் கப்பலேறுமுன் இருவருக்கும் விடுப்பு. நேசையாவின் மனைவி ஹெப்சிபா அவருடைய பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

"கால் குட்டையா இருக்கே. இதுல ஆண்டவரை எங்கன அறைய? தையக்காரன் துணியை மிச்சம் பிடிச்சிருக்கான்."

"சர்க்கார் குடுத்தது. சும்மா வச்சிரு, ஹெப்சிபா," என்கிறார் நேசையா.

அவள் கேட்பாளா? ஊசி நூலோடு உட்கார்ந்துவிட்டாள். "உனக்கும் தச்சுத் தரட்டுமா தம்பி?"

"வேண்டாங்க்கா. எங்க சொடலைமாடன் குட்டையா நெட்டையான்னு பாக்க மாட்டாரு," என்று சிரிக்கிறான் கருத்தையா.

(அது ஆண்டவருடைய சிலுவையே அல்ல. சுவிட்சர்லாந்துக் கொடியின் நிறங்களை மாற்றிப்போட்ட குறி. நான்கு கையும் சமம். 'இவன் வைத்தியம் பார்க்க வந்தவன், சுடாதே' என்று எதிரிக்குச் சொல்வது. எனக்கு இது படித்துத் தெரியும். ஞாயிறுதோறும் கோயில் சிலுவையைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது குறையாகத்தானே தெரியும்?)

3

நேசையா திரும்பவில்லை. குண்டடி பட்டு இறந்துபோனார் என்று தகவல் வந்தது. பிறகொரு நாள், போருக்குப் போய்வந்த ஒருவர் கோயில் வாசலில் பேச்சுவாக்கில் சொன்னார்: "அந்தக் குறி அச்சு அசலா இருக்கணும். மாறிட்டுன்னா எதிராளிக்கு அது குறியே இல்ல."

அன்றிலிருந்து ஹெப்சிபா கோயிலில் நற்கருணை அப்பம் வாங்க எழுந்து போகவில்லை. தன் ஊசிதான் அவரைக் கொன்றது என்று நம்பிவிட்டாள்.

எனக்கு அவள்மேல் கோபம்கூட வருகிறது. தூரத்தில் துப்பாக்கி பிடிப்பவன் சிலுவையின் காலையா அளந்துகொண்டிருப்பான்? ஆனால் கதைக்கு வெளியே நின்று நான் சொன்னால் அவளுக்குக் கேட்காது. அதற்காகத்தான் கருத்தையாவை உயிரோடு ஊருக்கு வரவழைத்தேன்.

4

1919. அவள் நற்கருணைக்குப் போகாத காரணத்தை ஊரில் கேள்விப்பட்டு வந்த கருத்தையா, அந்தப் பட்டையை அவள் முன் வைக்கிறான்.

"இதை நான்தாங்க்கா கட்டியிருந்தேன். மேலதிகாரி ஏசுவாருன்னு அண்ணன் பயந்தாக, கப்பல்லயே மாத்திக்கிட்டோம். சாகும்போது அவுக கையில கெடந்தது சர்க்கார் பட்டைதான்."

(முதல் பிரதியை இங்கேயே முடித்திருந்தேன். ஹெப்சிபா அழுதாள், அடுத்த ஞாயிறு நற்கருணைக்குப் போனாள். மறுபடி படித்தபோது கருத்தையாமேல் சந்தேகம் வந்தது. செத்தவர் கையிலிருந்து அவிழ்த்து வந்து, இவளுக்காகப் பொய் சொல்கிறானோ?)

ஹெப்சிபாவுக்கும் அதே சந்தேகம் வந்துவிட்டது. பட்டையில் ஊக்கு குத்திக் குத்தித் தேய்ந்த துளை ஒரே இடத்தில்தான் இருக்கிறது; ஒரே கைச் சுற்றளவுக்குத்தான் கட்டியிருக்கிறது. நேசையாவுக்கு ஒல்லிக் கை. டோலி தூக்கிய கருத்தையாவுக்கு அதில் இரண்டு பங்கு.

"கையை நீட்டு தம்பி," என்கிறாள்.

5

துளை அவன் கைக்குப் பொருந்தியதா என்று நான் எழுதப்போவதில்லை. இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்து இரண்டையும் கிழித்துவிட்டேன். அலமாரியில் இருந்த பட்டையை என் கையிலாவது சுற்றிப் பார்த்திருக்கலாம். அதற்கும் தைரியம் வரவில்லை. ஊக்கை நீங்களே குத்திப் பாருங்கள்.

ஆறு வேண்டாம் என்று ஆரம்பத்தில் சொன்னேன். இப்போது தேவைப்படுகிறது. கருத்தையா கையை நீட்டிவிட்டான். முகத்தை மட்டும் ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டான்.