உம்மாவின் நம்பர்

வலப்பக்கம் கழுவுவதற்காக உம்மாவை இடப்பக்கமாகச் சரித்தபோது தலையைப் பிடித்துக்கொண்டது ஷம்ஸியாதான்.

"கழுத்த விட்டுறாதளா. பைய... அங்கன பிடி" என்றாள் பாத்திமுத்து மாமி. மேலப்பாளையத்தில் அந்த நாலு தெருவிலும் பெண்கள் இறந்துபோனால் மய்யித்தைக் குளிப்பாட்டுகிறவள் அவள்தான்.

இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மாமி உம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். போன வாரம் வரைக்கும் பீடி சுற்றிய விரல்கள். நகத்தோரத்துப் புகையிலைக் கறை மட்டும் போகவில்லை.

"இது போவாது. இருக்கட்டும்" என்று மாமி அடுத்த கைக்குப் போனாள்.

ஷம்ஸியா அழவில்லை. விடியற்காலையில் உம்மா மூச்சு அடங்கியபோது அழுததோடு சரி. இப்போது அவள் மனதில் ஓடியது வேறு: மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்க இன்று ஐந்து மணிவரைதான் நேரம். உம்மாவின் தலையைக் கையில் வைத்துக்கொண்டு இதை நினைக்கிறோமே என்று தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

நீட் தேர்வை இது இரண்டாம் முறையாக எழுதியிருந்தாள். இந்தத் தடவை வாங்கியதும், போன வருடம் முஸ்லிம் ஒதுக்கீட்டில் கடைசி இடம் கிடைத்தவரைவிடப் பதினேழு மார்க் குறைவு. வாரத்துக்கு மூன்று நாள் உம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய், வராந்தாவில் உட்கார்ந்து படித்த படிப்பு அவ்வளவுதான் வந்தது.

வாப்பா தாஜ் முகம்மது ஜங்ஷனில் ஒரு செருப்புக்கடையில் வேலை பார்க்கிறார். கொஞ்சமாகப் பேசுகிறவர், பேசினால் ஒரே போடாகப் போடுவார். "கெடைக்காதுன்னு தெரிஞ்சே போடுததுல என்ன இருக்கு? பேசாம பி.எஸ்ஸி.ல சேரு" என்று சொல்லிவிட்டார். ஷம்ஸியாவுக்கும் அதுதான் நிம்மதியாகப் பட்டது. தரவரிசைப் பட்டியலில் எங்கோ அடியில் தன் பெயர் கிடப்பதைத் தெருவே போனில் பார்க்க வேண்டாமே.

உம்மாதான் விடவில்லை. ஐந்து நாட்களுக்கு முன்பு பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பச் சொன்னாள். தொடர்பு எண் கேட்ட இடத்தில், "என் நம்பரக் குடு. எதுவா இருந்தாலும் மொதல்ல எனக்குத் தெரியணும்" என்றாள். ‘தாய்: உள்ளார் / இல்லை’ என்று கேட்ட கட்டத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உள்ளார்னு போடுளா. இன்னைக்கித் தேதிக்கு உள்ளார்தான்."

கடைசிப் பக்கத்தில் ஷம்ஸியா நிறுத்திவிட்டாள். "வேண்டாம்மா, விடு" என்றாள்.

உம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "என்னாலதான் மார்க்கு கொறஞ்சிச்சின்னு நீ வாய்தொறந்து சொல்ல மாட்ட. ஆனா போடாம விட்டியன்னா, அது சொன்ன மாதிரிதான்."

அப்படியெல்லாம் இல்லை என்று ஷம்ஸியா அப்போதே சொல்லியிருக்கலாம். உம்மாமேல் அவளுக்குக் கோபம் இருந்ததும் நிஜம்தான். அன்று ராத்திரியே உம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்க நேரம் வாய்க்கவில்லை.

உடம்பு முழுக்க வெள்ளைக் கபன் துணி சுற்றி முடித்ததும், உம்மா கடைசியாகப் புழங்கிய துணிமணியையும் படுக்கையையும் ஷம்ஸியாவே மூட்டையாகக் கட்டிப் பாத்திமுத்து மாமியிடம் கொடுத்தாள். குளிப்பாட்டியவருக்கு அதைக் கொடுத்துவிடுவது அந்தத் தெரு வழக்கம்.

நாலு மணிக்குக் கால்மணி நேரம் இருக்கையில் ஆண்கள் உம்மாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கினார்கள். பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். உள்ளே குர்ஆனிலிருந்து யாசீன் ஓதத் தொடங்கினார்கள். ஷம்ஸியா ஓதி முடித்து, பின்னறைக்குப் போய்த் தன் போனை எடுத்தாள். பார்ப்போம் என்றுதான் எடுத்தாள். விண்ணப்பம் நிறுத்திய இடத்திலேயே நின்றது. ‘தொடர்க’ என்பதை அழுத்தினாள். பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது என்று வந்தது.

உம்மாவின் போன்!

அலமாரியில் இல்லை. கட்டிலுக்கு அடியிலும் இல்லை. அப்புறம்தான் சுரீரென்று உறைத்தது. ஆஸ்பத்திரியில் களவு போகும் என்று பயந்து, உம்மா தலையணை உறையில் ஒரு கிழிசல் வைத்து அதற்குள்தான் போனைச் செருகி வைப்பாள். அந்தத் தலையணையும் மூட்டையோடு போய்விட்டது.

வாசலில், சித்தி முறையான தஸ்மியா சாச்சி மறித்தாள். "எங்களா போற? மய்யித்து போயி அர மணி ஆவல."

"பாத்திமுத்து மாமி வீட்டுக்கு. அந்தத் தலகாணி வேணும்."

"குடுத்தத யாராச்சும் திருப்பி வாங்குவாவளா? ஊரு என்ன சொல்லும்?"

ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். ஷம்ஸியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். நடை ஓட்டமாக மாறியது அவளுக்கே தெரியவில்லை.

மாமி வீட்டு முற்றத்தில் பெரிய வாளியில் துணிகள் ஊறிக்கொண்டிருந்தன. அவள் குனிந்து வாளியைத் துழாவினாள். நல்லவேளை, தலையணை மதில்மேல் வெயிலில் கிடந்தது. கிழிசலுக்குள் கையை விட்டாள். போன் சுட்டது. நாலு சதவீதம் சார்ஜ் இருந்தது. பூட்டு கிடையாது. பீடி சுற்றிச் சுற்றி ரேகை தேய்ந்த விரலை அந்தப் போன் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை என்பதால் உம்மா அதைப் பூட்டுவதையே விட்டிருந்தாள்.

"என்னளா இது, இவ்வளவு அவசரம்?" என்று மாமி வெளியே வந்தாள்.

"டாக்டர் படிப்புக்கு விண்ணப்பம் மாமி. அஞ்சு மணியோட முடியுது."

"மார்க்கு இருக்கா?"

"பதினேழு கொறவு."

"கெடைக்குமா?"

"கெடைக்காதுன்னுதான் சொல்லுதாவ."

மாமி உள்ளே போய் ஒரு நாற்காலியை இழுத்துவந்து போட்டாள். "உக்காந்து போடு. நின்னுக்கிட்டுப் போட்டா தப்பு வரும்."

தன் போனில் ஓடிபியை மறுபடி கேட்டு, உம்மாவின் போனில் வந்ததைப் பார்த்து அடித்ததும் மொத்த விண்ணப்பமும் ஒருமுறை விரிந்தது. பெயர், பள்ளி, மார்க். தாய்: உள்ளார். அடியில், மேற்கண்டவை அனைத்தும் உண்மை என்று உறுதி கூறும் கட்டம்.

அதை அப்படியே விட்டால் யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. ஷம்ஸியா அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  மூன்றாம் தடவைதான் விரல் சரியான இடத்தில் பட்டது.

தாய்: இல்லை.

நாலு நாற்பத்தொன்றுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. மறுநிமிடம் மடியில் கிடந்த உம்மாவின் போன் அதிர்ந்தது. விண்ணப்பம் கிடைத்துவிட்டது என்ற செய்தி. ஷம்ஸியா அதைத் திறக்கவில்லை. போனை எடுத்துத் தலையணைக் கிழிசலுக்குள் பழையபடி செருகினாள்.

"மாமி, இத மட்டும் நான் எடுத்துக்கிடட்டா?"

"கொண்டு போ" என்று சொல்லிவிட்டு மாமி வாளிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஷம்ஸியா இன்னும் கொஞ்ச நேரம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். கிளம்பித் தெருமுனைக்கு வந்தபோது, அடக்கம் முடிந்து கபர்ஸ்தானிலிருந்து ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வாப்பா கடைசியாக, தனியாக வந்தார். தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்ற மகளைப் பார்த்தார். அது யாருடையது என்று கேட்கவில்லை.

"அஞ்சு மணியாச்சே. போட்டுட்டியா?" என்றார்.

அவள் தலையாட்டினாள்.

வாப்பா தலையணைக்காகக் கையை நீட்டினார். கையெல்லாம் ஈரமண். நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்து, சட்டையில் முன்னும் பின்னும் துடைத்துக்கொண்டார். பிறகு வாங்கிக்கொண்டார்.