பதினாறு வயது வண்டியின் கீச்சுச் சத்தம்

மூன்று நாளாகப் பெரியவரைத் தூங்கவிடவில்லை அந்தச் சத்தம். வீட்டிலிருந்து கிளம்பும்போது வண்டி பரம சாது. நாலு தெரு தாண்டியதும் 'கீஈச்' என்று ஆரம்பிக்கும். கூடவே லேசான கருகல் வாடை. போன வருஷம் மகள் பழையதாக வாங்கிக் கொடுத்த ஆட்டோமேட்டிக் கார், பதினாறு வயது. கியர்பாக்ஸ் போயிருக்கும், இனி தேறாது என்று தெருவில் ஆளாளுக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

அவருடைய பயம் வேறு. "சத்தம் நிக்கலன்னா பாப்பாவ ஸ்கூல் வேன்ல போட்டுடறேன்பா" என்று மகள் சொல்லியிருந்தாள். காலையில் இருபது நிமிஷம், மூன்று மணிக்கு இருபது நிமிஷம் பேத்தியோடு காரில் போய் வருவதுதான் அவருக்கு நாள். மனைவி போன பிறகு மிச்ச நேரமெல்லாம் அவர் டி.வி.யைப் பார்ப்பார், இல்லை, டி.வி. அவரைப் பார்க்கும்.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். பட்டறைக்காரி அவசரப்படவில்லை. கியர் எண்ணெயைக் குச்சியில் தொட்டு வெள்ளைத் தாளில் தடவினாள், மோந்து பார்த்தாள். இன்ஜினை ஓடவிட்டு, கியரை முன்னும் பின்னும் மாற்றிக் காது கொடுத்தாள். பிறகு சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தாள்.

"கியர்பாக்ஸ் கல்லு மாதிரி இருக்குய்யா. ஆனா மூணு மாசம் முன்னாடி போட்ட பிரேக் கட்டை அதுக்குள்ள பாதி தேஞ்சிருக்கு."

பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அவளே ஊரைச் சுற்றினாள். மூச்சுக்கூட விடவில்லை வண்டி. டாக்டரைப் பார்த்ததும் பல்வலி போகிற கதைதான்.

"இப்ப நீங்க ஓட்டுங்க."

மூன்றாவது தெருவில் 'கீஈச்'.

"கேட்டியாம்மா? நான் என்ன பொய்யா சொன்னேன்!"

அவள் ரோட்டைப் பார்க்கவில்லை. செல்போன் வெளிச்சத்தை அவர் காலடியில் அடித்துக் குனிந்திருந்தாள்.

"ஐயா, இடது கால எடுங்க."

"அது சும்மாதானே கெடக்கு? இதுல கிளட்சே கெடையாதே."

"ஓரமா நிறுத்திட்டு நீங்களே பாருங்க."

நிறுத்திவிட்டுக் குனிந்தார். யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி இடது கால் பிரேக்கின் மேல் இருந்தது.

"பழக்கதோஷம்மா" என்று சிரிக்கப் பார்த்தார். "முப்பத்தஞ்சு வருஷம் பஸ்ஸுல கிளட்ச் மிதிச்ச காலு."

"பழக்கம் சரி. மிதிக்கிறது உங்களுக்குத் தெரியலையா?" அவள் குரல் தாழ்ந்திருந்தது. "சர்க்கரை இருக்காய்யா?"

"அது கெடக்கு, ஒரு பதினஞ்சு வருஷமா."

"சர்க்கரையில எங்கப்பாவுக்குக் காலு மரத்துப்போனதும் இப்படித்தான் ஆரம்பிச்சுது." இறங்கிச் சுற்றி வந்து, அவர் பக்கத்துக் கதவைத் திறந்து குத்துக்காலிட்டாள். "கண்ண மூடிக்குங்க. எந்தக் கால்ல தட்டறேன்னு சொல்லுங்க."

இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டே மூடினார். ஒரு லாரி போனது. பின்னாலேயே இரண்டு பைக். அவர் காத்திருந்தார்.

"ம், தட்டும்மா."

"தட்டிட்டேன்யா. ரெண்டுலயும், ரெண்டு தடவை."

பெரியவருக்குக் குப்பென்று வியர்த்தது. இடது கால் போகட்டும். வலது கால்? ஆக்சிலேட்டரும் பிரேக்கும் அதன் பொறுப்பு அல்லவா? இன்று காலை பள்ளி வாசலில், கைகோத்துக்கொண்டு காருக்கு முன்னால் குறுக்கே போன பிள்ளைகளை நினைத்தார். வண்டி நின்றது, உண்மைதான். எந்த மிதியின் மேல் கால் இருந்தது என்று எப்படித் தெரிந்து நிறுத்தினார்?

மணி இரண்டே முக்கால். மகளுக்குப் போன் போட்டார்.

"இன்னிக்கு நீயே போயி பாப்பாவக் கூட்டிட்டு வந்துடும்மா."

"ஏம்ப்பா, வண்டி இன்னும் சரியாகலையா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்றைக்குத் தப்பித்துக்கொள்ளலாம். நாளைக்கும்கூட.

"வண்டி நல்லாத்தான்மா இருக்கு" என்றார். "காலப் பத்தி நீயே சொல்லிடும்மா" என்று போனைப் பட்டறைக்காரியிடம் நீட்டினார்.