பழனியில் எடுக்காத முடி

அன்று பழனியில் முடி எடுக்கும் மண்டபத்தில் இருந்தவர்கள்: தாண்டிக்குடி பொன்னுவேலின் மனைவி கந்தம்மாளாகிய நான், என் மகன் ராஜமுருகன், மருமகள் சுசித்ரா, அவர்களுடைய ஒரு வயதுப் பிள்ளை சிவமுருகன், பிள்ளைக்குத் தாய்மாமனாக மடி கொடுத்த முருகானந்தம், என் நாத்தனார் பிச்சையம்மாள். எங்கள் ஊர்க்காரர் வேறு எவரும் இல்லை. கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் பார்க்கவில்லை.

பிள்ளை பிறந்த சில மாதங்களில் சுசித்ராவின் தலையில் புழுவெட்டு விழுந்தது. முதலில் நெற்றிக்கு மேலே காசளவு முடி கொட்டியது. பிறகு பின்மண்டையில் உள்ளங்கை அளவுக்கு இரண்டு இடம். அவள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு கொல்லைப்புறமாகவே போய் வர ஆரம்பித்தாள். எங்கள் வீட்டுப் பெண்கள் யாருக்கும் ஒளிந்து நடந்ததில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

பிச்சையம்மாள் சின்ன வெங்காயத்தையும் எங்கள் தோட்டத்து மிளகையும் அரைத்துத் தேய்த்துவிட்டாள். புழுவெட்டுக்கு மலையில் பலரும் செய்வதுதான். எங்கள் மிளகின் காரம் பேர் போனது. அந்தக் காரம் பெண்ணின் தலையைப் புண்ணாக்கிவிட்டது. அவள் வாய் திறக்காமல் பொறுத்துக்கொண்டதால் எங்களுக்கும் உடனே தெரியவில்லை.

வத்தலக்குண்டுக்கு வந்து போகும் தோல் டாக்டரம்மாவிடம் நானே அழைத்துப் போனேன். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே முடியின் வேரைப் பகையென்று நினைத்துத் தாக்குகின்றன, அதனால் வேரைச் சுற்றி அழற்சி உண்டாகி முடி உதிர்கிறது, ஆனால் வேர் சாகவில்லை என்றார்.

"எரியிற எடத்துல மிளகப் போட்டீங்களேம்மா" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

முதலில் புண் ஆற வேண்டும். பிறகு அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு லோஷன். முடி விழுந்த இடத்தில் மட்டும், மெல்லிசாக, அவர் சொல்லும் காலம் வரைக்கும்தான். எல்லோருக்கும் பலிக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்றும் சொன்னார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. காப்பிச் செடியும் வறட்சியில் மொட்டுகளை அடக்கிக்கொண்டு மழைக்குக் காத்துக் கிடக்கும். செத்துவிட்டது என்று அதை யாரும் வெட்டுவதில்லை.

பின்மண்டையில் இடம் எதுவென்று அவளுக்குத் தெரியாது. ராஜமுருகன் பூசினால் மருந்து கழுத்தில் வழிந்தது. அதனால் நானே பூசினேன். காலையில் காப்பி காயும் களத்து வெயிலில் அவளை உட்கார வைத்து, முடியை விலக்கிப் பிடித்து, விரல் நுனியால் தொட்டுத் தொட்டு வைப்பேன்.

"அத்தை, என்ன மூக்க உறிஞ்சுறீங்க?"

"குளிரு."

"வெயில்லல்ல ஒக்காந்திருக்கோம்?"

"பேசாம இரு. மருந்து கண்ணுல விழுந்துரும்."

இப்படி இருக்கும்போது பிள்ளைக்கு முதல் முடி எடுக்கும் நாள் வந்தது. பிச்சையம்மாள் ஒரு யோசனை சொன்னாள்.

"மதினி, புள்ளைக்கு எடுக்கயில ஆத்தாளுக்கும் சேத்து எடுத்துருவோம். வேண்டுதல்னு சொல்லிட்டா எவ வாயத் தெறப்பா? வளரயில எல்லாம் ஒண்ணுபோல வளந்துட்டுப் போகுது."

குடும்ப மானத்துக்கு அது நல்ல வழியாகத்தான் தெரிந்தது. நான் தலையசைத்தேன். சுசித்ரா "சரி அத்தை" என்றாள். பயண வேலைகளில் எனக்கு ஒழியாததால் அந்த வாரம் மருந்தை அவளே தடவிப் பார்த்துப் பூசிக்கொண்டாள்.

மண்டபத்தில் பிள்ளை அழுது தீர்த்தான். தலையில் சந்தனம் பூசியதும் அடங்கினான்.

"ஏலே, மாமன் மடிய நனைச்சுட்டியேடா! சீர் செஞ்சது பத்தலையா ஒனக்கு?" என்று முருகானந்தம் வேட்டியை உதறினான்.

அடுத்து சுசித்ரா உட்கார்ந்து துண்டை அவிழ்த்தாள். முடி எடுப்பவர் தண்ணீர் தெளித்துத் தேய்த்துவிட்டுக் கத்தியில் பிளேடு மாற்றினார். அந்த இடைவெளியில் அவள் திரும்பாமலே என் கையைப் பிடித்தாள்.

"அத்தை, பின்னால ஒரு தடவ தொட்டுப் பாருங்க. ரெண்டு நாளா என் கையில என்னமோ தட்டுது. நானா நெனச்சுக்கிறேனோ என்னமோ."

தொட்டேன். பீச் பழத் தோலின் மேல் பஞ்சுபோல இருக்குமே, அதுபோல மெத்தென்று இருந்தது. குனிந்து பார்த்தேன். வெள்ளையாக, நூலிலும் மெல்லிசாக, ஈரத்தில் படிந்து கிடந்தது.

"வந்திருக்கு."

"நெசமாவா?"

"நான் பொய் சொல்லுவேனாடி?"

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. வேண்டாத வேண்டுதலைச் சாமி பேரில் சொல்லத்தான் அங்கே வந்து நின்றிருந்தோம்.

"எந்திரி" என்றேன்.

"மதினி! ஊரு என்ன பேசும்?" என்று பிச்சையம்மாள் பதறினாள்.

"பேசட்டும். அதுக்கு வேற என்ன சோலி கெடக்கு?"

"எடுக்கவா வேணாமா, சொல்லுங்கம்மா. பின்னால வரிசை நிக்குது" என்றார் முடி எடுப்பவர்.

ராஜமுருகன் சட்டையைக் கழற்றிவிட்டு அவள் எழுந்த இடத்தில் உட்கார்ந்தான். "எனக்கு எடுங்க. டோக்கன் வாங்கியாச்சுல்ல."

அவன் தலை வழித்து முடிந்ததும் சுசித்ரா பார்த்தாள். "அய்யய்ய, ஒங்க மண்ட இம்புட்டுக் கோணலா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து வெகு நாளாகியிருந்தது. நான் அந்தத் துண்டை வாங்கி மடித்து என் பையில் போட்டேன். அவள் ஈரத் தலையோடு, வெறும் தலையோடு, படியேறிச் சாமி கும்பிட்டாள்.

சாயங்காலம் தாண்டிக்குடியில் ஜீப்பை விட்டு இறங்கும்போது பக்கத்து வீட்டு வடிவு உற்றுப் பார்த்தாள். "என்ன பெரியம்மா, மருமக தலையில?"

"புழுவெட்டு. மருந்து போடுறோம். வந்துக்கிட்டிருக்கு."

பின்மண்டையில் ஒரு இடம் இப்போது கறுத்து மூடிவிட்டது. இன்னொன்று மெதுவாகத்தான் வருகிறது. டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்.

புருஷன் வேண்டிக்கொண்டு முடி கொடுத்ததால் பொண்டாட்டிக்கு முடி வந்தது என்று ஊரில் ஒரு பேச்சு நடக்கிறது. அப்படி ஒரு வேண்டுதல் இல்லை. என் மகன் முடி கொடுத்தது டோக்கன் வாங்கியிருந்ததால். மருமகளுக்கு முடி வந்தது மருந்தில். பூசியது நான்.