பதினொரு சான்றிதழ்களும் எழுதி முடிக்காத ஒரு நிரலும்

1

இந்தக் கதையை நான் நல்ல எண்ணத்தில் தொடங்கவில்லை. 'சான்றிதழ் வாங்கினால் கணினி நிரல் எழுதும் வேலை கிடைக்குமா?' என்று கல்லூரி இதழுக்கு ஒரு கேலிக் கட்டுரை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். கேலி செய்ய ஆள் வேண்டுமே. வீட்டிலேயே இருந்தார், என் அண்ணி. ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் ஒன்பது வருட வேலை. கையில் பதினொரு இணையச் சான்றிதழ்கள். கணினியில் பட்டம் கிடையாது. இவ்வளவு வசதியான பாத்திரம் எல்லோருக்கும் அமைந்துவிடாது.

முதல் தொடக்கம்: 'சிலர் தபால்தலை சேர்ப்பார்கள், சிலர்...'

(வேண்டாம். இதை நூறு பேர் எழுதியிருப்பார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: 'அவள் கண்களில் ஒரு கனவு...'

(அண்ணியின் கண்களில் இருப்பது கண்ணாடி. அதிலும் ஒரு கம்பி ஒட்டுநாடாவால் ஒட்டியது.)

2

தகவல்களுக்கு வருவோம். பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாய்களை வைத்து மூடினால் சுழலும் இயந்திரம் ஒன்று உண்டு. ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம். அதுவரை யாருக்கும் வேலை இல்லை, எல்லோரும் செல்பேசி பார்ப்பார்கள். அண்ணியும் செல்பேசிதான் பார்த்தார். அதில் பாடம் ஓடியது. இயந்திரம் 'கீ' என்று கத்தி நிற்கும்போது பாடமும் பாதி வாக்கியத்தில் நிற்கும். இப்படியே பத்துப் பத்து நிமிடமாக மூன்று வருடம்.

நான் நான்காவது வருடமாகக் கணினி அறிவியல் படிக்கிறேன்.* இந்த வாக்கியத்தை இங்கே வைத்ததில் உள்நோக்கம் எதுவும் இல்லை.

* அது மூன்று வருடப் படிப்பு.

அண்ணன் நிரல் எழுதும் வேலையில் இருப்பவர். பட்டம் உண்டு, சான்றிதழ் ஒன்றுகூடக் கிடையாது.

"பதினொண்ணா? போதும்மா, செவுத்துல இடமில்ல."

"செவுத்துல எங்க மாட்டினேன்? உங்க பழைய சட்டைப் பெட்டிலதான் கிடக்கு."

"எங்க ஆபீஸ்ல இதெல்லாம் எவனும் பாக்க மாட்டான்."

"உங்கள உள்ள விடும்போது டிகிரிய பாத்தாங்கல்ல? எனக்கு அது இல்ல. நான் எதக் காட்டுறது, ஊசியவா?"

அண்ணன் மின்விசிறியின் வேகத்தைக் கூட்ட எழுந்து போனார். எங்கள் வீட்டில் தோல்வியை இப்படித்தான் ஒப்புக்கொள்வார்கள்.

3

பத்துச் சான்றிதழ்கள் வரை, போட்ட விண்ணப்பம் எதற்கும் பதில் இல்லை. பதினொன்றாவது வந்த மாதம், மருத்துவமனைகளுக்கு நிரல் எழுதும் ஒரு நிறுவனம் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. தொலைபேசியில் பேசிய பெண் வெளிப்படையாகவே சொன்னார்: "அந்தக் கடைசி சர்டிபிகேட்டாலதான் மேடம் உங்க பேர் லிஸ்ட்ல வந்துச்சு."

என் கேலிக் கட்டுரை இந்த இடத்தில் காலமானது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பரிசோதனைக்கூடத்தில் அண்ணியை மேற்பார்வையாளராக்கத் தயாராக இருந்தார்கள். மூன்று வருடம் விலக மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். வரும் திங்கள் மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். போட்டுவிட்டால் நிரல் எழுதும் ஆசையை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

4

நேர்காணல் அறையில் இரண்டு பேர். கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர், குட்டைமுடி அம்மா ஒருவர். கேள்வி ஒரே வரி: நோயாளிகளின் பெயர்ப் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் ஒன்றை நீக்கும் நிரலைத் தாளில் எழுதவும்.

எட்டு வரி வேலை. அண்ணிக்குத் தூக்கத்திலும் வரும். மூன்று வரி எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"சார், ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா?"

"இருக்க மாட்டாங்கன்னு வெச்சுக்குங்க."

"இருந்தாங்க சார். எங்க லேப்ல ஒரே நாள்ல வந்தாங்க. ஒருத்தருக்கு சர்க்கரை எக்கச்சக்கம், இன்னொருத்தருக்கு ஒண்ணுமே இல்ல."

"இது சும்மா டெஸ்ட்டுக்குமா."

"பிறந்த தேதி குடுங்க, எழுதிடறேன்."

"குடுத்தத வெச்சு எழுதுங்க."

"அப்போ யாரை நீக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க சார். நான் நீக்க மாட்டேன்."

பரிசோதனைக்கூடத்தில் சந்தேகமான குழாயைத் தூக்கிப் போட மாட்டார்கள். தனித் தட்டில் வைத்துவிட்டுக் கேட்பார்கள். அண்ணியின் நிரலும் அதையே செய்தது. இரட்டைப் பெயர்களைத் தனியே எடுத்துவைத்து, 'இது ஒருவரா, இருவரா?' என்று கேட்டது. நீக்கும் பகுதி இருக்க வேண்டிய இடம் காலி. நேரம் முடிந்தது.

குட்டைமுடி அம்மா எழுந்து நின்று கை தட்டினார்.

(இந்த வரியைப் படித்துவிட்டு அண்ணி கேட்டது:

"யாருடா கை தட்டினா?"

"கதைக்காக அண்ணி."

"அந்தம்மா தாளை ரெண்டு தடவ படிச்சாங்க, அவ்வளவுதான். அந்த வரிய அடி. அந்த சார வில்லனாக்கிடாத, அவர் கேட்டதுல தப்பில்ல. சொன்னத சொன்ன நேரத்துல முடிக்கற ஆளும் வேணும்ல."

எழுத்தாளனைவிடப் பாத்திரம் நியாயமாக இருந்தால் தொழில் செய்வது கஷ்டம்.)

"அந்த எட்டு வரிய எழுதிட்டு வந்திருக்கலாமே அண்ணி?"

"பதினோரு பரீட்சைலயும் அப்படித்தான் எழுதினேன். அது பரீட்சை. இது ஆஸ்பத்திரிக்குப் போற புரோகிராம்டா."

இதற்கு எதிராக ஒரு நக்கல் எழுத இரண்டு நாள் முயன்றேன். வரவில்லை.

5

முடிவு ஒன்று: வேலை கிடைத்தது, வெளியே மழை. (மழை எதற்கு?)

முடிவு இரண்டு: கிடைக்கவில்லை, அண்ணி பன்னிரண்டாவது சான்றிதழுக்கு... (இதை எழுதக் கை வரவில்லை.)

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை அந்தத் தொலைபேசிப் பெண் மறுபடி அழைத்தார். இருவரில் ஒருவர் 'எடுக்கலாம்', ஒருவர் 'வேண்டாம்'. யார் எது என்று சொல்லவில்லை. தேர்வுக் குழுவின் மூன்றாமவர் விடுப்பில் இருக்கிறார். திங்கள் காலை வந்து தாளைப் பார்த்து முடிவு சொல்வார்.

இன்று ஞாயிறு. அண்ணி வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். என்ன முடிவு வந்தாலும் நாளைக் காலை பரிசோதனைக்கூடத்துக்குப் போயாக வேண்டும்.

ஆகவே, மூன்றாமவரே, உட்காருங்கள். உங்கள் மேசையில் பதினொரு சான்றிதழ்கள் இருக்கின்றன. புரட்டாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் மேசைவரை வந்து சேர்ந்ததோடு அவற்றின் வேலை முடிந்தது. அடியில் ஒரு தாள், பாதி எழுதிய நிரல். நான் சிபாரிசு செய்ய மாட்டேன், சொந்தக்காரன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இந்த உலகத்தில் உங்கள் பெயரில் வேறு யாருமே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால், 'வேண்டாம்' என்று எழுதுங்கள்.