யாரைக் கேட்டு மணலை அள்ளினீங்க?

கதவைத் திறந்ததுமே அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. காலையிலிருந்து ஆஸ்பத்திரியில் அடுத்தவர்களின் எலும்புகளை எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குள் ஓடினாள். சுவரோரம் பவளமும் கடல் மீனும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் அரிசி களைந்த நீர்போலக் கலங்கிக் கிடந்தது. கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. தொட்டியின் அடியில் மணல் இல்லை. மொட்டைக் கண்ணாடி.

"பயப்படாதீங்க அண்ணி. கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிடும்."

முழங்கை வரை ஈரமும் கையில் ஒரு பிளாஸ்டிக் குவளையுமாக நின்றுகொண்டிருந்தான் கொழுந்தன்.

ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலை கிடைக்கும் வரை அண்ணன் வீட்டில் தங்க வந்தவன் அவன். எதைக் கண்டாலும் அதைப் பற்றி நாலு வீடியோ பார்த்துவிட்டு நாற்பது வருஷம் பழகியவன்போலப் பேசுவான். அதனால் வீட்டில் அவனுக்கு விஞ்ஞானி என்று பெயர். வந்த வாரமே தொட்டியில் கண் வைத்துவிட்டான். "மணல் இருந்தா மீன் கழிவெல்லாம் அதுக்குள்ள போய் உக்காந்துக்கும் அண்ணி. அப்புறம் பாசி பிடிக்கும். வெறும் கண்ணாடியா விட்டுட்டா தண்ணி ஓட்டத்தை வேகமா வைக்கலாம். குப்பை ஒரு மூலையில சேரும், குழாய் வெச்சு உறிஞ்சிடலாம்."

அவன் சொன்னதில் பொய்யில்லை. பாறைகளில் நூல்நூலாய்ப் படரும் பச்சைப் பாசியைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தவள் அவள்தானே. ஆனால் தொட்டியில் விரல் நீளத்தில் ஒரு மஞ்சள் மீன் இருந்தது. சாயங்காலமானால் தலைகுப்புறப் பாய்ந்து மணலுக்குள் புதைந்து தூங்கும். பயந்தாலும் அதே பாய்ச்சல்தான். அவள் அதைத் தூங்குமூஞ்சி என்று கூப்பிடுவாள்.

"மணல் இல்லன்னா அது எங்கடா போய் படுக்கும்?"

"மீன்தானே அண்ணி, பழகிக்கும்."

புருஷனோ மதில்மேல் பூனை. அவளிடம் 'நீ சொல்றது சரி' என்பான், தம்பியிடம் 'நீ சொல்றதும் சரி' என்பான். கடைசியில் அவள், "நான் யோசிச்சு சொல்றேன். அதுவரைக்கும் யாரும் தொட்டியில கை வைக்காதீங்க" என்று இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தாள்.

யோசித்தும் முடித்துவிட்டாள். அன்று பஸ்ஸில் வரும்போதுதான் தீர்மானம் வந்தது: தொட்டியின் தரையை வெறுமையாக்கிவிடலாம், தூங்குமூஞ்சிக்கு மட்டும் மூலையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய மணல் வைக்கலாம். ஆனால் மணலை வாரம் ஒரு பிடியாகத்தான் எடுக்க வேண்டும். வருஷக்கணக்கில் அசையாமல் கிடந்த மணலுக்கடியில் விஷவாயு சேர்ந்திருக்கும். அது ஒரே நாளில் கிளம்பினால் தொட்டி தாங்காது. இதைச் சொல்லத்தான் வேகவேகமாகப் படியேறி வந்தாள்.

"தூங்குமூஞ்சி எங்க?"

"பாறைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும்."

"கண்ணால பாத்தியா?"

"பாக்கல... இருக்கும் அண்ணி."

"மணல் எங்க?"

பால்கனி வெயிலில் இரண்டு பக்கெட்டுகள் இருந்தன. மேலே வெள்ளையாகவும் உள்ளே கரிபோலக் கறுத்தும் இருந்த மணலுக்குள் அவள் இரண்டு கைகளையும் விட்டாள். முதல் பக்கெட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவதில், அடிப்பக்கத்தில், வழவழவென்று ஏதோ விரலில் பட்டது. மெதுவாக வெளியே எடுத்தாள். மஞ்சள் வெளுத்துப்போயிருந்தது. செவுள் திறந்தபடி நின்றுவிட்டிருந்தது. குவளை உள்ளே வந்ததும் பயந்து, எப்போதும் காப்பாற்றிய மணலுக்குள்ளேயே பாய்ந்திருக்கிறது. மணலோடு மணலாக அள்ளிக் கொட்டிவிட்டான்.

அதற்குள் உள்ளறையிலிருந்து புருஷன் வந்தான். "அவனைத் திட்டாத. அவன் கேட்டான், நான்தான் சரின்னேன். உனக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும்னு பாத்தேன்."

அதுவரை கொழுந்தன்மேல் இருந்த ஆத்திரம் சட்டென்று திசை மாறியது.

"நீங்க யாருங்க சரின்னு சொல்ல? உப்பு கலக்கறது நான், பாசி தேய்க்கறது நான், கரண்ட் போனா பதறி ஓடறது நான். நீங்க ஒரு நாள் அதுல கை நனைச்சிருக்கீங்களா?"

"நம்ம வீட்டுல இருக்கறதுதானே?"

"அப்ப நாளைக்கு என் தம்பி வந்து உங்க பைக் சக்கரத்தைக் கழட்டட்டும். நான் சரின்னு சொல்றேன். அதுவும் நம்ம வீட்டுல இருக்கறதுதானே?"

விஞ்ஞானிக்குச் சிரிப்பு வந்தது. அவள் திரும்பிய திருப்பில் அது தொண்டையிலேயே செத்தது.

"ஒரு மீனுக்குப் போய் இப்படியா கத்துவ?" என்றான் புருஷன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"கை வைக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா? தமிழ்லதானே சொன்னேன்? உங்க ஆபீஸ்ல ஒருத்தன் வேணாம்னு சொன்னா ஏன்னு நாலு தடவை கேப்பீங்க. நான் சொன்னா மட்டும் காத்துல போற பேச்சு!"

அக்கம்பக்கம் கேட்கும் என்று அவன் ஜன்னலைச் சாத்தப் போனான். "சாத்தாதீங்க! நாத்தம் போகட்டும்!" என்று அதற்கும் ஒரு கத்தல் விழுந்தது.

தொட்டியில் மீதி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கோபத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள். மாற்றுவதற்காகக் கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீரைப் புருஷன் தூக்கி வந்தான். கலங்கல் தண்ணீரைக் கொழுந்தன் குழாய் போட்டு இறக்கினான். மீதியிருந்த இரண்டு கோமாளி மீன்களும் பிழைத்துக்கொண்டன. குட்டியாக வாங்கி அவள் வளர்த்த கிளைப் பவளம் மட்டும் அந்த வாரத்திலேயே நுனியிலிருந்து அடி வரை எலும்பாக வெளுத்துவிட்டது.

மறுநாள் காலை விஞ்ஞானி சமையலறை வாசலில் வந்து நின்றான். "மன்னிச்சிடுங்க அண்ணி. சத்தியமா தெரியாது."

"தெரியலன்னா கேக்கணும். தெரிஞ்ச மாதிரி அள்ளக் கூடாது."

தட்டை வைத்தாள், சோறு போட்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. புருஷனிடம் அவ்வளவுகூடப் பேசவில்லை. உப்பு வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

தண்ணீர் தெளிந்து தொட்டி பளிச்சென்று ஆன பிறகு, ஒருநாள் வேலை முடிந்து வரும்போது ஒரு மூட்டை புது மணலோடு வந்தாள். புருஷன் மூட்டையையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அதான் மணல்ல படுக்கற மீன் இல்லையே. தரையும் சுத்தமாத்தானே இருக்கு? அப்ப தம்பி சொன்னதுதானே சரி?"

"சரிதான். அன்னிக்கு நானும் அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. "அப்புறம் எதுக்கு மணல்?"

"எனக்கு வேணும்."

"பாசி வருமே?"

"வரட்டும். நான்தானே தேய்க்கப் போறேன்?"

குளியலறையில் உட்கார்ந்து மணலை அலசினாள். எத்தனை தடவை அலசினாலும் பால்போல வெள்ளை ஓடிக்கொண்டே இருந்தது. முதுகு வலித்தது. இது வீம்பு என்று அவளுக்கும் தெரியும். அந்த நினைப்பே இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. தன் வாயால் சொல்லியிருக்க வேண்டியதை அவர்கள் கையால் செய்துவிட்டதால், இப்போது சரியானதைக்கூட அவளால் செய்ய முடியவில்லை.

புருஷன் வாசலில் வந்து குனிந்து, பக்கெட்டின் பிடியைப் பிடித்தான். "கனமா இருக்கும். குடு, நான் தூக்கறேன்."

"கையை எடுங்க" என்றாள்.

எடுத்தான். அவள் இரண்டு கையாலும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு, வழி நெடுகத் தண்ணீர் சிந்தச் சிந்தக் கூடத்துக்குப் போனாள்.